காப்பிக் கொட்டையோடு வந்த சம்பந்தம்

கடையில் அரவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் ராஜமாணிக்கத்திடம் அதைக் கேட்டேன்.

அவர் தராசிலிருந்து கொட்டை மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, காதோரம் கையை வைத்து, "என்னங்க சொன்னீங்க?" என்றார்.

மறுபடி சொன்னேன். அதுவும் விழவில்லை. வேறு வழியில்லாமல் மிஷினை நிறுத்தினேன்.

சட்டென்று கடை அமைதியாகிவிட்டது. மேம்பாலத்தில் போகிற பஸ்ஸின் ஹாரன் தெளிவாகக் கேட்டது. தூளுக்காகக் காத்திருந்த டீச்சரம்மா பெஞ்சிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த அமைதியில், அரைக் கிலோவா ஒரு கிலோவா என்று கேட்கிற அதே குரலில், "ஆத்தூர் இடம் வேணாங்க. என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டேன்" என்றேன்.

டீச்சரம்மா உடனே செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ராஜமாணிக்கம் மூட்டையைத் தரையில் வைத்து, அதன் முனையை இழுத்து நேராக்கினார். பிறகு சொன்னார்: "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க."

அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. எனக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

"சரி, கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று மிஷினைத் திரும்பப் போட்டேன்.

சேட்டம்மா இல்லை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் சிக்கரியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "சேட்டு வீட்டம்மா இவ்வளவு நன்றாகத் தமிழ் எழுதுகிறாரே" என்று ஒருவர் பாராட்டியிருக்கிறார். பாராட்டுக்கு நன்றி. ஆனால் நாங்கள் வடக்கேயிருந்து வந்த சேட்டு இல்லை. செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். ஊரில் நயினார் வீடு என்பார்கள். எத்தனை தலைமுறையாக அங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் பயிர் செய்கிறவர்கள். கறி, மீன், முட்டை கிடையாது. என் மாமியார் பொழுது சாய்ந்தால் ஒரு வாய் சாப்பிடமாட்டார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

கடையிலேயே ஒரு அம்மா, "நீங்க எப்பங்க தமிழ் கத்துக்கினீங்க?" என்று கேட்டிருக்கிறார். பொறந்து ஒன்றரை வருஷத்தில் என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை.

கடையைப் போட்டவர் என் கணவர். அவருக்கு நிலம் பிடிக்கவில்லை. திண்டிவனத்துக்கு வந்து, மேம்பாலத்தை ஒட்டிய தெருவில் ஒரு வறுக்கிற டிரம்மும் ஒரு அரவை மிஷினும் வாங்கிப் போட்டார். தொழில் சுமாராக நடந்தது. ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் மகன் ஸ்ரீபால் அப்போது காலேஜில் கடைசி வருஷம்.

கடையை வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் திறந்தேன். வறுக்காமல் ஒரு மூட்டை கிடந்தது. வீணாகப் போகிறதே என்று அதை வறுத்தேன். பாதி கருகிவிட்டது. மீதியை அரைத்து விற்றேன். அப்புறம் கடையை மூடவே தோன்றவில்லை. இதில் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

துணிப்பையில் ஒரு மாதிரி

ராஜமாணிக்கத்தின் தோட்டம் ஏற்காட்டு மலையில், டவுனைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்தில் இருக்கிறது. பெரிய எஸ்டேட் இல்லை. வீட்டைச் சுற்றிச் சரிவில் இறங்குகிற ஒரு சின்னத் தோட்டம். உயரமான சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். அவர், அவர் தம்பி கோவிந்தன், தம்பி மனைவி பூங்கொடி, இந்த மூன்று பேர்தான் எல்லா வேலையும். பழம் பறிக்கிற மாதங்களில் மட்டும் நாலு ஆள் வைத்துக்கொள்வார்கள்.

வெகுநாள் வரை கீழே சேலத்து வியாபாரி ஒருவருக்கே கொடுத்துவந்தார்கள். நேராகக் கடைகளுக்கே கொடுத்தால் என்ன என்று தோன்றி, ஒரு துணிப்பையில் பச்சைக் கொட்டையைப் போட்டுக்கொண்டு ராஜமாணிக்கம் ஊர் ஊராக இறங்கினார். விழுப்புரத்தில் இரண்டு கடைகளில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வறுத்துப் பாருங்க. புடிச்சிருந்தா சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். மலை, பனி, நிழல் என்று எதுவும் பேசவில்லை. அந்தச் சமயத்தில் வருகிற ஏஜென்ட்டுகள் எல்லோரும் நிறையப் பேசுவார்கள்.

வறுத்தேன். கொட்டைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடித்தன. ஒரே தரமாக இருந்தால்தான் அப்படி வெடிக்கும். தூளைப் போட்டு டிகாஷன் இறக்கியதும் எதிர்க்கடை பூட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். "இன்னாக்கா, இன்னிக்கி வாசனை தூக்குது?" என்றார்.

அதற்கப்புறம் மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையோ ராஜமாணிக்கம் வருவார். பழம் ஏற்றிக்கொண்டு சென்னை போகிற வேனில் மூட்டையைப் போட்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். முதல் வருஷம் எனக்கென்று ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்தார். நாங்கள் தேன் சாப்பிடமாட்டோம் என்றேன். கறி சாப்பிடாதவர்களைப் பார்த்திருக்கிறார், தேன் சாப்பிடாதவர்களை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப மிளகு சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். அடுத்த தடவை மிளகு வந்தது.

அவர் மனைவி கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே நோயில் இறந்துபோனார். குழந்தை இல்லை. இதெல்லாம் அவராகச் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு கேள்வியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

ஆரம்பத்தில் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டேன். கடைக்கு வருகிற எல்லோரும் அண்ணன்தான். எந்த மாதத்திலிருந்து அது நின்றது என்று எனக்கே தெரியாது. ஒருநாள் "ஏங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டது மட்டும் என் காதிலேயே விழுந்தது.

ஆத்தூரில் ஒரு இடம் பார்த்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னது, தராசில் மூட்டையை ஏற்றும்போது. சொந்தத்தில் ஒரு விதவை, நல்ல மாதிரி, தம்பி வீட்டில் வற்புறுத்துகிறார்கள் என்றார். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று யோசிக்க, மூட்டை ஏறி இறங்குகிற நேரம்தான் இருந்தது. அதனால்தான் மிஷினை நிறுத்தும்படி ஆயிற்று.

பெண் பார்க்க வந்தவள்

அதன் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. கேட்டதைக் கேட்டாயிற்று, அதைத் திரும்பக் கேட்க என்னால் முடியாது.

அடுத்த லோடு வரவேண்டிய சமயமும் தாண்டிப்போனது. வேறு வியாபாரியிடம் கொட்டை வாங்கினேன். "தூள மாத்திட்டியாம்மா?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்டார்கள். சீசன் அப்படி என்றேன். ஆத்தூரில் முகூர்த்தம் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அழவில்லை. டிரம்முக்கு எண்ணெய் போட்டேன், அலமாரியைக் கழுவினேன். வேலை நிறைய நடந்த வாரங்கள் அவை.

ஒரு மத்தியானம் கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கையில் கட்டைப்பை, காலில் பஸ் தூசி. "சாந்தகுமாரி நீங்கதானுங்களா?" என்றாள்.

"ஆமாங்க."

"நான் பூங்கொடி. ஏற்காட்ல இருந்து வர்றேன்."

சேலம் இறங்கி, விழுப்புரம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, தனியாக வந்திருக்கிறாள். அதுவரை ஆத்தூருக்கு இந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை.

பெஞ்சில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கடையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த என் கணவர் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்க மாமாவ அண்ணேன்னுதானே கூப்பிட்டுட்டு இருந்தீங்க?"

"ஆரம்பத்துல கூப்டேன்."

"அவரு வந்து ஒண்ணுமே சொல்லலைங்க. ரெண்டு வாரம் சாப்பிடாம கொள்ளாம களத்துலயே உக்காந்திருந்தாரு. ஆத்தூர்க்காரங்க வந்தப்ப, இல்லைங்க வேணாம்னுட்டாரு. அப்புறம் எங்க வீட்டுக்காரரு அதட்டித்தான் வாயத் திறந்தாரு. அவரு சம்மதம்னுதான் சொல்றாரு. எனக்குத்தான் ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த வீட்டுக்கு நான் வந்தப்ப பொம்பளைன்னு யாருமில்லை. பதினெட்டு வயசுல இருந்து ரெண்டு ஆம்பளைங்களுக்கும் நான்தான் பொங்கிப் போடுறேன். களமும் நான்தான் பாக்குறேன். நாளைக்கு மூத்த மருமகள்னு நீங்க வந்தா, அந்த அடுப்படி யாரு கையில இருக்கும்? அத மட்டும் சொல்லிடுங்க. மனசுல ஒண்ணு வச்சுகிட்டு வெளிய ஒண்ணு பேச வேணாம்."

இதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று புரிந்ததும் எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்.

"பூங்கொடி, நான் கறி மீன் சமைக்கிற பாத்திரத்துல சாப்பிடமாட்டேன். பொழுதோட சாப்பிட்டு முடிச்சிடுவேன். உங்க அடுப்படிக்கு வந்து நான் இன்னா பண்ணப்போறேன்? எனக்கு ஒரு மூலையில தனியா ஒரு ஸ்டவ் போட்டுக்க எடம் குடுத்தா போதும். கடையையும் நான் விடமாட்டேன். பழம் பறிக்கிற சீசனுக்கு அங்க வருவேன், மத்த நாள்ல அவரு இங்க வந்து போய்க்கினு இருக்கட்டும்."

அவள் முகம் தளர்ந்தது. "தனி ஸ்டவ்வா?" என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டாள். "அதுக்கென்னங்க, பின்பக்க ரூம்லயே மேடை கட்டிக்கலாம்."

அவளுக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, இது எந்த ஊர்க் கொட்டை, மட்டமாக இருக்கிறதே என்றாள். உங்கள் லோடு வரவில்லை, அதனால் வெளியே வாங்கினேன் என்றேன். "நாளைக்கே அனுப்பச் சொல்றேன்" என்று எழுந்தாள். போகும்போது என்னை அக்கா என்றாள்.

ஸ்ரீபால் சொன்னது

மகனிடம் சொல்வதைத் தள்ளிக்கொண்டே போனேன். அவன் அப்போது சென்னையில் வேலையில் இருந்தான், கல்யாணமாகி மனைவியோடு. கடைசியில் போனில்தான் சொன்னேன்.

 அவன் எடுத்த எடுப்பிலேயே குரலை உயர்த்தினான்.

"உனக்கு என்னமா கொறச்சல்? இங்க வந்து இருன்னு எத்தனை வாட்டி கூப்ட்டேன்?"

"கொறச்சல்னு இல்லடா."

"அப்புறம் எதுக்கு? நான் ஆபீஸ்ல, சொந்தக்காரங்ககிட்ட என்னன்னு சொல்றது? எங்கம்மாவுக்குக் கல்யாணம்னா?"

"ஆமா, அப்டித்தான் சொல்லணும்."

"அப்பா படம் மாட்டின கடையில உக்காந்துகினு இத பேசுறியே, உனக்கு ஒரு மாதிரியா இல்ல?"

இல்லை என்றேன். அது உண்மை. அவனுக்குக் கோபம் அதிகமானது. இனிமேல் என்னிடம் பேசாதே என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவன் மேல் எனக்கு வருத்தம் இருந்ததா என்று பின்னால் பலர் கேட்டார்கள். இருந்தது. ஆனால் முடிவை மாற்றுகிற அளவுக்கு இல்லை. அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அம்மாவையும் யாரோ கொண்டுபோகிறார்கள் என்று தோன்றியிருக்கும். அப்படி இல்லை என்று போனில் நிரூபிக்க எனக்குத் தெரியவில்லை.

பத்திரப் பதிவு ஆபீஸில் கல்யாணத்தைப் பதிந்தோம். பூங்கொடியும் கோவிந்தனும் வந்தார்கள், பூட்டுக் கடைக்காரர் வந்தார். மருமகள் மட்டும் ஸ்ரீபாலுக்குத் தெரியாமல் எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தாள்: நல்லாருங்க அத்தை. அன்று மத்தியானம் மூன்று மணிக்கே விருந்தை ஆரம்பித்து, வெளிச்சம் போவதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம்.

களத்திலிருந்து வீட்டுக்குள்

அடுத்த மார்கழிக்கு முன்னால் பழம் பறிக்கிற சமயம் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு மலைக்குப் போனேன். அங்கே நான் பெரிதாக எதற்கும் உதவவில்லை. செடியில் பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும், நான் காயையும் சேர்த்துப் பறித்தேன். பூங்கொடி ஒன்றும் சொல்லாமல் என்னைக் களத்துக்கு மாற்றினாள். தோல் நீக்கிக் கழுவிய கொட்டையைக் களத்தில் பரப்பி, வெயிலில் கிளறிக்கொண்டே இருப்பது என் வேலை.

ஒரு வேடிக்கை. அந்த வீட்டில் அவர்கள் குடித்தது உடைந்ததும் கறுத்ததுமான கழிவுக் கொட்டையின் காப்பி, வெல்லம் போட்டு. நல்லதெல்லாம் விற்பதற்கு. நான் ஒருநாள் நல்ல கொட்டையை வறுத்து, பால் விட்டுக் கொடுத்தேன். பூங்கொடி குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களுது மாதிரி இல்லைக்கா" என்றாள். அவர்களுடையதையும் குடித்துப் பார்த்தேன். குளிருக்கு அதுதான் சரி.

பறிப்பு பாதி நடக்கும்போது புயல் வந்தது. கரையைத் திண்டிவனம் பக்கத்தில் கடந்தது, மழை மலைவரைக்கும் வந்தது. நிற்கவே இல்லை. முதல் நாளே கரண்ட் போயிற்று. அடுத்து செல் டவர் போயிற்று. சாலையில் பாறை சரிந்துவிட்டதாக ஆட்கள் வந்து சொன்னார்கள்.

களத்தில் இருந்த ஈரக் கொட்டை முழுவதையும் வீட்டுக்குள் கொண்டுவந்தோம். கூடம், அறைகள், கட்டிலின் மேல், பின்பக்கம் என் சமையல் மேடையின் மேல் என்று பாய் விரித்துப் பரப்பினோம். நடக்க ஒரு அடி அகலத்துக்கு மட்டும் வழி. கிளறாமல் விட்டால் பூஞ்சை பிடித்து நாறும், அந்த வருஷத்து மகசூல் மொத்தமும் குப்பைக்குத்தான். விறகு மூட்டினால் புகை வாசனை ஏறிவிடும் என்று பூங்கொடி விடவில்லை. கரியைக் கனலாக்கிச் சட்டிகளில் வைத்தோம். நாலு பேரும் முறை போட்டுக் கிளறினோம்.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, மத்தியானம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. வாசலில் யாரோ நின்றார்கள். முட்டிவரை சேறு, சட்டையெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. "மா" என்ற குரலில்தான் ஸ்ரீபால் என்று தெரிந்தது.

ஒரு வருஷத்துக்கு அப்புறம் என் மகனிடம் நான் பேசிய முதல் வார்த்தை இது: "செருப்ப வெளிய வுட்டுட்டு, கால கழுவிக்கினு வா. கொட்டை மேல மண்ணு பட்டுடும்."

அவன் அங்கேயே நின்று கத்தினான். "நீ செத்துட்டியோன்னு வந்திருக்கேன். கொட்டைன்ற! திண்டிவனத்துல கடை வாசல்ல முட்டிக்கால் தண்ணி. ஷட்டர் மூடிக்கெடக்கு. நீ உள்ளயே இருக்கியான்னு தட்டித் தட்டிப் பாத்தேன். பூட்டுக் கடைக்காரர்தான் மலையில இருக்கன்னு சொன்னாரு. ஒரு போன் கெடையாது ஒண்ணும் கெடையாது!" பாறை விழுந்த இடத்தில் காரை விட்டுவிட்டு, மீதி வளைவுகளை நடந்தே ஏறியிருக்கிறான்.

நான் எழுந்து போகவில்லை. எழுந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. அதனால் கிளறிக்கொண்டே இருந்தேன்.

ராஜமாணிக்கம் உள்ளே போய் ஒரு வேட்டியும் துண்டும் கொண்டுவந்தார். "இத கட்டிக்குங்க தம்பி." ஸ்ரீபால் அவரைப் பார்க்கவுமில்லை, வாங்கவுமில்லை. அவர் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பூங்கொடி வந்து அதை வாங்கி, "ஈரத்தோட நிக்காதப்பா, காய்ச்சல் வந்துரும்" என்று அவன் தோளில் போட்டாள். அவளிடமிருந்து எடுத்துக்கொண்டான்.

ராஜமாணிக்கம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் பாய்க்குத் திரும்பிப்போய் உட்கார்ந்து, கொட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டவர் போனதுல இருந்து தினம் காலையில, உங்கம்மா மேல பாறை மேட்டுக்குப் போயிடுறாங்க. அங்க எப்பவாச்சும் ஒரு புள்ளி சிக்னல் வரும். மழையில கொடையப் புடிச்சிகிட்டு, மெட்ராஸ்ல தண்ணி ஏறிடுச்சோ என்னமோன்னு உங்க நம்பருக்குத்தான் போட்டுட்டே நிப்பாங்க. போக வேணாம், வழுக்கும்னு சொன்னேன். கேக்கலைங்க."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

ஸ்ரீபால் என்னைப் பார்த்தான். நான் கரிச்சட்டியை நகர்த்தினேன். அவன் வெளியே போய்க் கால் கழுவி, வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். சரியாகக் கட்டத் தெரியவில்லை, இடுப்பில் சுருட்டிச் செருகியிருந்தான். உட்கார இடம் தேடினான். இல்லை. ராஜமாணிக்கத்தின் பாய்க்கு எதிர்முனையில் மட்டும் கொஞ்சம் தரை தெரிந்தது. அங்கே உட்கார்ந்தான்.

"எப்டிக் கெளறணும்?" என்றான், பாயைப் பார்த்து.

"விரலை விரிச்சு, கோதுற மாதிரிங்க. அடியில இருக்கிறது மேல வரணும்."

வெளிச்சம் மங்கும்வரை இரண்டு பேரும் அந்தப் பாயில் இருந்தார்கள். கனல் அணைந்தால் ஒருவர் எழுந்து ஊதினார். வேறு பேச்சு நடந்ததாக எனக்கு நினைவில்லை. நான் என் ஸ்டவ்வில் கேப்பைக்கூழ் காய்ச்சினேன். ஸ்ரீபால் அதைக் குடித்துவிட்டு, பூங்கொடி போட்ட வெல்லக் காப்பியையும் வாங்கிக் குடித்தான்.

கடையில் நின்றிருந்த மூட்டைகள் போயின. அரவை மிஷினின் மோட்டாரை மாற்ற வேண்டிவந்தது. மலையில் கொஞ்சம் கொட்டை கெட்டது, பெரும்பாலானது தப்பியது.

மறுநாள் வானம் வெளுத்தது. வீட்டிலிருந்த கொட்டை எல்லாவற்றையும் கூடை கூடையாகக் களத்துக்குக் கொண்டுபோனோம். ஸ்ரீபாலும் ராஜமாணிக்கமும் ஒரு பாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தார்கள். உதறிப் பரப்பிக்கொண்டிருக்கும்போது டவர் வந்துவிட்டது போல, ஸ்ரீபாலின் போன் அடித்தது. என் மருமகள்.

அவன் தோளில் போனை இடுக்கிக்கொண்டு, குனிந்து பரப்பியபடியே பேசினான். "அம்மா நல்லா இருக்காங்க. ஆமா, எல்லாரும் நல்லா இருக்காங்க." அவள் ஏதோ கேட்டாள். அவன் ஒரு கொட்டையை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தான். ராஜமாணிக்கம் காலையில் சொல்லிக் கொடுத்திருப்பார்.

"இல்ல, இன்னிக்கி வர முடியாது" என்றான். "இன்னும் காயல."